வீடு பார்க்கப் போன கதை

கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவளை எங்கள் காரைக்காலில் யாரும் சும்மா விடமாட்டார்கள். ஏலச்சீட்டு எடுத்தவர்கள் தள்ளுபடித் தொகை சரியாகக் கழித்திருக்கிறதா என்று கேட்க வருவார்கள். மாதா கோவில் திருவிழா முடிந்தால் வரவு செலவை ஒருமுறை கூட்டிப் பார்க்கச் சொல்வார்கள். அந்த வரிசையில்தான் நான் வேலை பார்த்த பள்ளியின் பழைய மாணவர் சங்கம் என்னை உதவித்தொகைக் குழுவில் இழுத்துப் போட்டது. கேட்க வந்தவர்கள் கையோடு சமோசா வாங்கி வந்திருந்தார்கள். சூடாக இருந்தது. அதைச் சாப்பிட்டுவிட்டு முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிரான்சில் குடியேறிவிட்ட பழைய மாணவர் ஒருவர் ஆண்டுதோறும் பணம் அனுப்புகிறார். எங்கள் பள்ளியில் பிளஸ் டூ முடித்த ஒரே ஒரு பிள்ளைக்கு, கல்லூரிப் படிப்பு முடியும்வரை கட்டணம் முழுவதையும் நாங்கள் கட்டிவிடுவோம். அவர் வைத்த நிபந்தனை இரண்டுதான். பிள்ளை நன்றாகப் படிக்க வேண்டும், வீட்டில் வசதி இருக்கக் கூடாது. பாரீசில் உட்கார்ந்து சொல்லும்போது அது எளிதாகத்தான் இருந்திருக்கும். இங்கே நன்றாகப் படிக்கிற பிள்ளை ஒரு தெருவில் இருக்கும், வசதி இல்லாத பிள்ளை இன்னொரு தெருவில் இருக்கும். இரண்டும் வேண்டிய அளவுக்கு ஒரே பிள்ளையிடம் சேர்ந்து வந்தால் நாங்கள் சண்டை போடாமல் முடித்துவிடுவோம். அப்படி ஓர் ஆண்டு இன்னும் வரவில்லை.

குழுவில் மூன்று பேர். தலைவர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். வயது எண்பதை நெருங்குகிறது. இன்னும் சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டுக்கொண்டுதான் கத்தரிக்காய் வாங்கப் போவார். அவருக்கு மார்க்தான் எல்லாம். "ஓட்டப்பந்தயத்துல முதல்ல வந்தவனுக்கு மெடல். அவன் வீட்டுல சோறு இருக்கா இல்லியான்னா கேக்குறோம்?" என்பார்.

இரண்டாமவர் திருமலைராயன்பட்டினத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பாய். அவர் நேர் எதிர்க்கட்சி. "சாப்ட்டு எந்திரிச்சவனுக்கே மறுபடியும் எலை போடச் சொல்றீங்களே முசியே!" என்று, எங்கள் ஊர்ப் பிரெஞ்சில் 'ஐயா' போட்டு அவரை மடக்குவார். மூன்றாவது ஆள் நான். மார்க் என்றால் எனக்கு உயிர். அரை மார்க்கைக்கூட இனாமாகக் கொடுத்தவள் இல்லை. ஆனால் காலையில் சாப்பிடாமல் வந்து முதல் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முகமும் எனக்குத் தெரியும். அதனால் இருவருமே நான் தங்கள் பக்கம் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். நானும் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை.

போன வருடம் வந்த விண்ணப்பங்களைச் சலித்ததில் இரண்டு மிஞ்சின. ஒன்று தருமபுரத்துப் பையனுடையது. பள்ளியிலேயே முதல் மார்க். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் சேர வேண்டும். அப்பா தனியார் கம்பெனி ஒன்றில் மாதச் சம்பளக்காரர். இன்னொன்று நெடுங்காட்டுக்கு உள்ளே ஒரு கிராமத்துப் பெண்ணுடையது. அப்பாவும் அம்மாவும் வயல் வேலைக்குப் போகிறவர்கள். பையனைவிட மார்க் நன்றாகவே குறைவு. ஆனாலும் நல்ல மார்க்தான். நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. அந்த மாதக் கடைசிக்குள் பணம் கட்டவில்லை என்றால் இடம் போய்விடும். போனால் அவளுடைய அக்காவைப் போல அவளும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குக் கிளம்ப வேண்டியதுதான் என்று அவள் வகுப்பு டீச்சர் என்னிடம் சொல்லியிருந்தார்.

விண்ணப்பித்தவர்களின் வீட்டை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது சொல்தா போட்ட சட்டம். பெண்பிள்ளைகள் இருக்கிற வீட்டில் சொல்லாமல் போய் நிற்பது மரியாதை இல்லை என்பது பாயின் கட்சி. அதனால் முதல் நாளே போன் செய்து, "நாளைக்கு வீடு பாக்க வர்றோம்" என்று சொல்லிவிட்டுத்தான் போவோம். நாளைக்கு ரெய்டு என்று முன்கூட்டியே தகவல் கொடுக்கிற போலீஸ் நாங்கள்தான் என்று நான் கேலி செய்வேன். அந்தக் கேலியை யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

முதலில் தருமபுரம் போனோம். மாடி வைத்த வீடு. கூடத்தில் ஒரு கோரைப்பாயும் இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூலும் தவிர வேறொன்றும் இல்லை. சுவரில் டிவி மாட்டுகிற இரும்புச் சட்டம் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி நீளச் சதுரமாகப் பெயின்ட் புத்தம் புதிதாக இருந்தது. தரையில் சோபாவின் கால்கள் பதிந்த தடம் அப்படியே இருந்தது. உள்ளறைக் கதவை இழுத்துச் சாத்தியிருந்தார்கள். அடியிலிருந்து ஜில்லென்று குளிர் கசிந்து வந்து என் பாதத்தைத் தொட்டது. ஏசியை நிறுத்த மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. சிரிப்பை அடக்க நான் இல்லாத இருமலை இரும வேண்டியதாயிற்று.

நைந்துபோன ஒரு சேலையைக் கட்டிக்கொண்டிருந்த பையனின் அம்மா, "என்னத்தங்க சொல்றது, மாசக் கடைசியில அரிசிக்கே இழுபறியா இருக்கு" என்றார். குடிக்கத் தண்ணீர் மட்டும் வந்தது. பல் கூசுகிற குளிர்ச்சி.

"பானைத் தண்ணியாம்மா?" என்று பாய் பச்சைப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஆமாங்க, மண்பானை" என்றார் அந்த அம்மா.

அந்தப் பேச்சு முடியும்வரை பையன் தலையைத் தூக்கவே இல்லை. நல்ல பிள்ளை. பாடத்தைப் பற்றிக் கேட்டால் கண்ணைப் பார்த்துப் பதில் சொன்னான். வீட்டைப் பற்றிக் கேட்டால் தரையைப் பார்த்தான். எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. பிள்ளைக்காகக் கொஞ்சம் நடிக்காத தாய் தகப்பன் யார்? இன்ஜினியரிங் கட்டணம் சம்பளக்காரரையும் மூச்சுத் திணற வைக்கத்தான் செய்கிறது. ஆனாலும் அந்தப் பிள்ளையின் காது மடல் சிவந்து கிடந்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அங்கிருந்து பாயின் வேனில் நெடுங்காட்டுப் பக்கம் போனோம். வாய்க்காலில் இன்னும் தண்ணீர் வந்து சேரவில்லை. வயல்கள் வெடித்துக் கிடந்தன. அந்தப் பெண்ணின் வீடு, சிமென்ட் ஷீட் போட்ட ஓரறை வீடு. வெளியிலிருந்து பார்த்தால் எங்கள் குழு தேடிக்கொண்டிருந்த வீடு அதுதான். உள்ளே நுழைந்தால் எனக்குக் கண் கூசியது.

வாசலில் தைப்பொங்கலுக்குப் போடுகிற அளவில் கோலம். உள்ளே மெத்தை வைத்த நாற்காலிகள், பூப்போட்ட விரிப்போடு ஒரு டீப்பாய், எங்கள் தலைமுடியைக் கலைத்துக்கொண்டு உயரமான ஒரு ஸ்டாண்டு ஃபேன், மூலையில் பார்வையில் படும்படியாக ஒரு மிக்ஸி. பெண்ணுக்குத் தலை நிறைய மல்லிகைப்பூ. தட்டில் கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் எடுத்து வந்தாள். பின்னாலேயே பளபளக்கும் எவர்சில்வர் டம்ளர்களில் காபி வந்தது. "பொண்ணு பாக்க வந்த மாதிரி இருக்கே" என்று சொல்தா என் காதில் முணுமுணுத்தார்.

"குடும்பத்துல கஷ்டம் எப்படிம்மா?" என்று பாய் எடுத்துக் கொடுத்தார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றார் பெண்ணின் அம்மா, நிமிர்ந்து நின்றுகொண்டு. "கடவுள் புண்ணியத்துல நல்லாத்தான் இருக்கோம். ஒரு கொறையும் கெடையாது."

"ஆமாங்க" என்றார் அப்பா, கதவோரத்திலிருந்து. அன்றைக்கு அவர் பேசியது அந்த ஒரு சொல்தான்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. சொல்தா பெண்ணிடம் திரும்பி, நர்சிங் ஏன் என்று கேட்டார். "அப்பா கால்ல அருவா பட்டப்ப ஆஸ்பத்திரியில இருந்த நர்ஸ் அக்கா திட்டிக்கிட்டே கட்டுப் போட்டாங்க சார். எனக்கும் நல்லாத் திட்ட வரும்" என்றாள். கதவோரத்தில் அப்பா சிரித்துவிட்டார். எனக்கு அப்போதே அவளைப் பிடித்துப்போயிற்று. அதை முகத்தில் காட்டாமல் பஜ்ஜியைக் கடித்தேன்.

பாய் காபியைக் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது அவர் தொழில் பழக்கம். கல்யாணப் பந்தியில்கூடக் குடித்து முடித்ததும் அப்படிப் பார்ப்பார். பிறகு கீழே வைப்பவர் போல என் டம்ளரையும் வாங்கிப் பார்த்தார். "மாஷா அல்லா, கேசரி பிரமாதம். இன்னும் கொஞ்சம் வைங்க" என்று சொல்லி, அது வந்த தட்டின் விளிம்பையும் பார்த்தார்.

வேனில் ஏறியதும் சொல்தா தீர்ப்பு வாசித்துவிட்டார். "முடிஞ்சிது. மார்க்கும் கம்மி, கஷ்டமும் இல்ல. தருமபுரத்துக்கே குடுத்துடலாம்."

பாய் தெருமுனை வரை ஓட்டிப்போய் வண்டியை ஓரம் கட்டினார். "முசியே, நீங்க குடிச்ச டம்ளர்ல என்ன பேரு வெட்டியிருந்துச்சு?"

"அதையெல்லாம் யாரு பாத்தா?"

"நான் குடிச்சதுல யாரோ ஒரு ஆம்பளப் பேரு, இனிஷியலோட. அது அந்த வீட்டுக்காரர் பேரு இல்ல. டீச்சரம்மா குடிச்சதுல யாரு வீட்டுக் காதுகுத்தோ, அன்பளிப்புன்னு போட்டுருக்கு. கேசரித் தட்டுல புதுமனை புகுவிழான்னு வெட்டியிருக்கு. அந்த ஷீட்டு வீட்டுக்கு எங்கேர்ந்து முசியே புதுமனை வந்துச்சு?"

எங்கள் பக்கத்தில் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டித்தான் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அக்கம்பக்கத்தில் கொடுத்து வாங்கும்போது கலந்துபோகக் கூடாதே என்றுதான். பாய் தம் கையாலேயே எத்தனையோ ஆயிரம் பெயர் வெட்டியிருப்பார்.

"அப்ப அந்த நாற்காலி?" என்றார் சொல்தா.

"அதுவும் பக்கத்து வீட்டுலேர்ந்து நடந்து வந்ததுதான்."

"மெத்தை ஒண்ணுக்கொண்ணு சேரலியே, அப்பவே நெனச்சேன்" என்றேன் நான். மூவரும் சிரித்த சிரிப்பில் சாலையில் போன ஆடுகள் திரும்பிப் பார்த்தன. சொல்தாவும்தான் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் பழையபடி இறுகிவிட்டது. "அங்க இருக்கறத மறைச்சாங்க. இங்க இல்லாதத இரவல் வாங்கி வச்சாங்க. ரெண்டுமே பொய்தான். அப்பறம் மார்க்க விட்டா வேற எத நம்பறது?"

பாய் வண்டியைக் கிளப்பினார்.

மறுநாள் சாயந்தரம் பெண்ணின் அம்மா என் வீட்டு வாசலில் நின்றார். பஸ் பிடித்து வந்திருக்கிறார். பையில் வெண்டைக்காய். முடிவு என்ன ஆயிற்று என்று கேட்டார். கெடு நெருங்குகிறதே என்ற பயம் குரலில் இருந்தது.

"டம்ளரெல்லாம் யாரு வீட்டுது?" என்று நேராகவே கேட்டேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

அவர் அசரவே இல்லை. "ரெண்டு எதுத்த வீட்டுது. ஒண்ணு எங்க நாத்தனாரோடது. ஏன் டீச்சர், சரியா வெளக்கலியா?"

"வெளக்குனதெல்லாம் பளிச்சுன்னுதான் இருந்துச்சு. வசதி இல்லாத வீடான்னு பாக்கத்தானே நாங்க வந்தோம்? நீங்க ஊர்ல இருக்கறத எல்லாம் கொண்டாந்து அடுக்கி வச்சா நாங்க என்னன்னு முடிவு பண்றது?"

அவர் வாயில் கையை வைத்துக்கொண்டார். "ஐயய்யோ! வீடு பாக்க வர்றோம்னு போன்ல சொன்னீங்க. பெரியவங்க மூணு பேரு ஒரு பொண்ணுக்காக வீடு பாக்க வர்றாங்கன்னா, வீடு எப்படி இருக்கணும்? நல்ல குடும்பம்னு தெரிஞ்சாத்தானே குடுப்பீங்கன்னு நெனச்சோம். தெருவே கூடி வேலை செஞ்சிச்சு டீச்சர். ஃபேனு டீக்கடைக்காரரோடது. அன்னிக்கு அவரு கடையில வேர்த்துக்கிட்டு உக்காந்திருந்தாரு."

நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவரும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "ஆனா ஒண்ணு டீச்சர். இல்லாதவங்கன்னு சொல்லி மேடையில படிச்சிடாதீங்க. அவ மார்க்கு வாங்கியிருக்கா. அதுக்குன்னு குடுத்தா வாங்கிக்கறோம்."

அதற்கென்றால் பணம் பையனுக்குத்தான் போகும் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். முதல் மார்க் வாங்கிய வீடு இல்லாமையைச் சொல்லிக் கேட்கிறது. இல்லாத வீடு மார்க்கைச் சொல்லிக் கேட்கிறது. அவரவர் கையில் இருப்பதை விட்டுவிட்டு மற்றவர் கையில் இருப்பதைக் காட்டுகிறார்கள் என்று நினைத்தபோது எனக்கு வேடிக்கையாகவும் இருந்தது, வேதனையாகவும் இருந்தது.

குழுக் கூட்டம் பாயின் கடை மாடியில் நடந்தது. நான் கணக்கு டீச்சர் பாணியிலேயே ஆரம்பித்தேன். "நாம பணம் குடுக்கலேன்னா பையன் காலேஜுக்குப் போவானா மாட்டானா?"

"போவான். கடன வாங்கியாவது சேத்துடுவாங்க" என்றார் சொல்தா.

"பொண்ணு?"

அவர் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டார்.

"படிப்பத் தாங்கற மார்க்கு அவகிட்ட இருக்கு. அந்தக் கோட்டத் தாண்டிட்டா. அதுக்கப்பறம் நம்ம பணம் யாரோட வாழ்க்கைய மாத்தும்னுதான் பாக்கணும்."

"அப்ப அந்தப் பையன் ராத்திரி பகலா எதுக்குப் படிச்சான்?" என்றார் சொல்தா. மேசையைத் தட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. உண்மையாகவே கேட்டார். வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளிடம் மார்க் வாங்கு, மார்க் வாங்கு என்று சொன்னவள் நான். எனக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. நியாயமான கேள்விதான்.

கடைசியில் வழியும் அவரிடமிருந்தே வந்தது. பையனுக்குத் தம் செலவில் ஒரு தங்க முலாம் பூசிய மெடல், மேடையில் முதல் அழைப்பு, கைதட்டல், போட்டோ எல்லாம். பணம் பெண்ணுக்கு. "ஆனா வருஷா வருஷம் அந்த வீட்டப் போய்ப் பாப்போம். வசதி வந்துட்டா நிறுத்திடணும்" என்றார். கெடுவுக்கு முன்னால் பணம் போய்ச் சேர்ந்தால் போதும் என்ற அவசரத்தில் நானும் பாயும் தலையை ஆட்டிவிட்டோம்.

விழா பள்ளி மண்டபத்தில் நடந்தது. ஃபிளெக்ஸில் கொட்டை எழுத்தில் 'ஏழை எளிய மாணவர்களுக்கு' என்று அடித்துக் கொண்டுவந்துவிட்டார்கள். மாற்ற நேரமில்லை. ஸ்டூலில் ஏறி அந்த இடத்தில் ஒரு பலூன் கொத்தைக் கட்டினேன். என் முட்டிவலி எனக்குத்தான் தெரியும். தருமபுரத்து அம்மா பட்டுச்சேலையில் ஜொலித்தார். மகன் மெடலோடு நின்றபோது போனில் படமாக எடுத்துத் தள்ளினார். பையன் அன்றைக்குத்தான் தலையை நிமிர்த்தி நின்றான். அவன் அம்மாவுக்குப் பணம் வராத வருத்தம் இருந்திருக்கும். ஆனால் அந்த நேரத்தில் அது முகத்தில் இல்லை.

அடுத்துப் பெண்ணை அழைத்தோம். மைக்கில் நான்தான் படித்தேன். பாடம் பாடமாக அவள் மார்க்கை மட்டும் படித்தேன், வேறெதுவும் சொல்லவில்லை. கீழே அவள் அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். உயிரியல் மார்க்கை இரண்டு தடவை படித்துவிட்டேன்.

டீ கொடுக்கும் இடத்தில் அந்த அம்மா என்னை ஓரமாக அழைத்தார். பக்கத்தில் சொல்தா வடையும் கையுமாக நின்றிருந்தார்.

"டீச்சர், வருஷா வருஷம் வீட்ட வந்து பாப்பீங்கன்னு பாய் சொன்னாரு."

"ஆமா."

"கவர்மெண்டுல வீடு கட்ட உதவி வந்திருக்கு. ஆவணியில கடக்கால் தோண்டலாம்னு இருந்தோம். வேணாம்னு சொல்லிடப் போறோம்."

"ஏன்?"

"நீங்க வர்றப்ப கல்வீடா இருந்தா இவ படிப்பு நின்னுடும்ல? நாலு வருஷந்தானே, இப்படியே இருந்துக்கறோம். எங்களுக்குப் பழக்கந்தான். மழை நாள்ல கொஞ்சம் ஒழுகும், அவ்வளவுதான்."

பஸ் கட்டணம் ஏறிவிட்டது என்று சொல்வதைப்போலச் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு எங்கள் மூவர் மேலும் கோபம் கோபமாக வந்தது. படிக்க வைக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு ஒரு குடும்பத்தை நாலு மழைக்காலம் ஒழுகுகிற கூரைக்குக் கீழே உட்கார வைக்கப் பார்த்திருக்கிறோம். நான் வாயைத் திறப்பதற்குள் சொல்தா வடையைத் தட்டில் வைத்தார்.

"கடக்கால் தோண்டும்மா" என்றார். "நாங்க யாரும் பாக்க வரல. பொண்ணு வருஷா வருஷம் மார்க்க மட்டும் அனுப்பட்டும். பாஸ் பண்ணினா பணம் வரும். அவ்வளவுதான் சட்டம்."

தாம் போட்ட சட்டத்தைத் தாமே எடுத்துவிட்டார். என்னையோ பாயையோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்தான், இதற்குமா கேட்பது என்று நான் சண்டைக்குப் போயிருப்பேன்.

அந்த அம்மா அவரையே பார்த்தார். "அப்ப மார்க்குக்குத்தானே குடுக்குறீங்க?"

"மார்க்குக்குத்தான்" என்றார் சொல்தா, என் பக்கம் திரும்பாமலே.

அந்த அம்மாவின் முகம் மலர்ந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. கொஞ்ச தூரம் போனவர், என்னவோ நினைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"அதுக்குன்னு வராமலே இருந்துடாதீங்க. வீட்டப் பாக்கத்தான் வர வேணாம். எங்களப் பாக்க வாங்க."